டிப்ரஷன் திரும்ப வராமல் இருக்க மைண்ட்ஃபுல்னஸ் தெரபி: சேரலாமா?

காவிரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். வயது 34, திருச்சி. எனக்கு டிப்ரஷன் மூன்று முறை வந்திருக்கிறது, முதல் தடவை காலேஜில், கடைசியாகப் போன வருடம். இப்போது நன்றாகவே இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், மாத்திரையும் தொடர்கிறது. இந்த நேரத்தில் எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் (அந்தந்த நொடியில் நடப்பதைக் கவனிக்கப் பழகுவது) தெரபி ஒன்றில் சேர்ந்தால் மறுபடி வருவதைக் குறைக்கலாம் என்கிறார் டாக்டர். அம்மாவோ, தியானம்தானே, பூஜை அறையில் உட்கார்ந்து பண்ணினால் போதாதா, அதற்கு எதற்குக் காசு என்கிறார். நண்பன் ஒருவன் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பத்து நாள் மௌன முகாமுக்குப் போ என்கிறான். நானே யூடியூபைப் பார்த்து மூச்சைக் கவனித்தேன், மனசு அடங்குவதற்குப் பதில் பழைய நினைப்பெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. இது நிஜமாகவே சிகிச்சையா? என்னைப் போன்ற ஆளுக்கு உதவுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வடலி

அண்ணா, நான் லண்டனில் இருக்கிறேன், இங்கே என்எச்எஸ் என்கிற அரசு மருத்துவச் சேவை மூலமாக இதைச் செய்தனான். வாரம் ஒருநாள் இரண்டு மணித்தியாலம், பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக இருப்போம். முதல் கிழமை ஆளுக்கொரு முந்திரிகை வற்றலை (உலர் திராட்சை)க் கையில் தந்து, பார்த்து, மணந்து, மெதுவாகச் சாப்பிடச் சொன்னார்கள். எனக்கு அது விசராகத்தான் பட்டது. பிறகு படுத்திருந்து கால்விரலில் தொடங்கி உச்சந்தலை வரைக்கும் உடம்பைக் கவனிக்கிற பயிற்சி, வீட்டிலும் ஒவ்வொரு நாளும் முக்கால் மணித்தியாலம் செய்ய வேண்டும், அதுதான் கஷ்டம். ஆனால் நான் ஏன் இப்படி இருக்கிறேன், நான் எதற்கும் உதவாதவள் என்று ஓடுகிற அந்த ஓட்டத்தை, ஓடத் தொடங்கின உடனேயே கண்டுபிடிக்க முடிகிறது. முந்தி இரண்டு மூன்று கிழமை கழித்து, கட்டிலை விட்டு எழும்ப முடியாத நேரத்தில்தான் எனக்கே விளங்கும். எனக்கு இந்த ஒன்றே பெரிய விஷயம்.

மதுரை_சைக்காலஜிஸ்ட்

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். டாக்டர் சொன்ன நேரம் சரியான நேரம், ஏனென்றால் இந்த முறை உருவானதே உங்களைப் போல நோய் தணிந்து, ஆனால் திரும்ப வரக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்காகத்தான். 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் தீராத உடல்வலி உள்ளவர்களுக்காக எட்டு வார வகுப்பு தொடங்கினார். டொராண்டோவின் ஜிண்டல் சீகலும் பிரிட்டனின் மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேலும் அதோடு சிபிடியை, அதாவது நினைப்பையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையைச் சேர்த்து இந்தத் தெரபியை அமைத்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய ஆய்வில் 145 பேர். மூன்று முறையோ அதற்கு மேலோ டிப்ரஷன் வந்தவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு ஒரு வருடத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 66 சதவீதம் திரும்ப வந்தது, இந்த வகுப்பும் சேர்ந்தவர்களுக்கு 37 சதவீதம். இரண்டே முறை வந்தவர்களுக்குப் பலன் தெரியவில்லை, இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2004இல் எந்த நோய்க்கு எந்தச் சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, மூன்று முறை வந்தவர்களுக்கு என்று குறிப்பிட்டே இதைப் பரிந்துரைத்தது.

அடுத்து மாத்திரை. 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 424 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள், வகுப்பில் சேர்ந்து மருத்துவர் துணையோடு மாத்திரையைக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். அதாவது பெரிய வித்தியாசம் இல்லை. மாத்திரையைத் தூக்கிப் போடலாம் என்று இதற்கு அர்த்தமே கிடையாது, படிப்படியாக, மருத்துவர் பார்வையில் குறைத்தார்கள் என்பதுதான் முக்கியம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் வரலாம், நோயும் திரும்பலாம். நண்பர் சொல்லும் முகாம் விபஸ்ஸனாவாக இருந்தால், கடுமையான மனநோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அவர்களே விதிமுறையில் எழுதியிருக்கிறார்கள், தயவுசெய்து உங்கள் நோயை மறைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மனசு அடங்கவில்லை என்கிறீர்களே, அடக்குவது இதன் வேலையே இல்லை. நினைப்பு வரும், வந்ததைப் பார்க்கிறோம், அதனோடு வாதாடாமல் மூச்சுக்குத் திரும்புகிறோம். நூறு முறை போனால் நூறு முறை திரும்புவதுதான் பயிற்சி. சோகம் வரும்போது மூளை அதே சோக நினைப்பை அரைத்துக்கொண்டே இருக்கிறது, சாதாரண ஒரு மோசமான நாள் முழு டிப்ரஷனாக மாறுவது பெரும்பாலும் அந்த அரைப்பில்தான். அந்த இடத்தில் கை வைக்கிறது இந்தத் தெரபி.

மழைச்சாரல்

ஒன்றைச் சேர்க்க வேண்டும். எனக்கு ஒரு விபத்துக்குப் பிறகு பேனிக் வர ஆரம்பித்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே நெஞ்சு அடைக்கும், விபத்துக் காட்சி கண்முன் வரும். தெரபிஸ்ட் உடனே மூச்சைக் கவனிப்பதை நிறுத்தச் சொல்லி, கண்ணைத் திறந்தபடி தரையில் பாதம் படுவதை, வெளியே கேட்கும் சத்தத்தைக் கவனிக்கச் சொன்னார், அதுவும் ஓரிரு நிமிடம்தான். அதன் பிறகே எனக்கு இது பிடிபட்டது. எல்லாருக்கும் மூச்சுதான் என்று யாராவது வற்புறுத்தினால் கேட்காதீர்கள். மொபைல் ஆப்பில் இந்த மாற்றத்தைச் செய்து தர எதிரே ஆள் இல்லை, அதனால்தான் சொல்கிறேன்.

காவிரிக்கரை

ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம். நடத்துகிறவர் சரியான ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அப்புறம் தினமும் முக்கால் மணி நேரம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது, ஷிப்ட் வேலை.

மதுரை_சைக்காலஜிஸ்ட்

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், தயங்காமல் கேளுங்கள். இந்த முறையில் தனியாகப் பயிற்சி எடுத்தாரா, வகுப்பின் நடுவில் நிலைமை மோசமானால் என்ன செய்வார், உங்கள் டாக்டரோடு பேசுவாரா, இவற்றையும் கேளுங்கள். நோயைக் குணமாக்கிவிடுவேன், மாத்திரையே வேண்டாம் என்பவரிடம் போகாதீர்கள். நடுவில் மனசு ரொம்பக் கீழே இறங்கினால் அடுத்த வகுப்பு வரை காத்திருக்காதீர்கள், அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம். நேரம் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பத்து நிமிடத்தில் தொடங்குகிறவர்களும் உண்டு, கூடவே மூன்று நிமிடப் பயிற்சி ஒன்று இருக்கிறது, ஷிப்ட் இடைவேளையில் உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

வடலி

அந்த மூன்று நிமிடத்தைத்தான் நான் இப்பவும் விடாமல் செய்கிறேன், பஸ்ஸிலும் செய்வேன். இன்னொன்று, கடைசிக் கிழமைகளில் திரும்ப வருகிறதுக்கான அறிகுறிகளை எழுத வைப்பார்கள், எனக்கு விடியப்புறம் முழிப்பு வருகிறதும் போன் எடுக்காமல் விடுகிறதும். அதைக் கண்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறேன், தங்கச்சியிடம் ஒரு பிரதி இருக்கிறது. நீங்களும் அம்மாவிடம் ஒன்றைக் குடுங்கோ அண்ணா, இது பூஜை அறைத் தியானம் இல்லை என்று அவவுக்கும் விளங்கும்.