அம்மாவின் போன் கேட்ட கேள்விகள்

என் அம்மாவுக்கு 73 வயதில் முதல் ஸ்மார்ட்போனை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். மருத்துவமனையில் முன்பதிவு செய்வதும் பரிசோதனை முடிவுகளைப் பெறுவதும் செயலி வழியாகத்தான் என்று ஆன பிறகு, பொத்தான் வைத்த பழைய போனோடு அவர் காலம் தள்ள முடியாமல் போயிற்று. மூன்று மாதம் கழித்து, போன் மிகவும் மெதுவாகிவிட்டதாகச் சொன்னார். வாங்கிப் பார்த்தால், நான் நிறுவாத செயலிகள் 40-க்கு மேல் இருந்தன. போனைச் சுத்தம் செய்வதாகச் சொல்பவை, பேட்டரியை நீடிக்க வைப்பதாகச் சொல்பவை, வைரஸைப் பிடிப்பதாகச் சொல்பவை. யார் இவற்றைப் போட்டது என்று கேட்டேன்.

“அதுதானே கேட்டது! ‘உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது, நீக்கட்டுமா’ என்று ஒருவர் அக்கறையாகக் கேட்கும்போது பதில் சொல்லாமல் விடுவது முறையாப்பா?”

அன்று மாலை முழுவதும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போனைக் கையாளுவதைக் கவனித்தேன். நான் வாசிக்காமலேயே தள்ளிவிடும் விளம்பரங்களை அவர் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசிக்கிறார். கடிதமோ தந்தியோ, தமக்கென்று வந்த எதையும் யாரோ ஒரு மனிதர்தான் எழுதி அனுப்பியிருப்பார் என்பதே அவருடைய வாழ்நாள் அனுபவம். விளம்பரத்தை மூடுவதற்கான பெருக்கல் குறியோ சில விநாடிகள் கழித்துத்தான் தோன்றுகிறது. தோன்றினாலும் வெளிறிய நிறத்தில் கடுகளவே இருக்கிறது. நடுங்கும் விரல் அதைத் தவறவிட்டு விளம்பரத்தின் மேல் பட்டுவிட்டால், அவர் விரும்பித் தொட்டதாகவே அது கணக்கில் சேர்கிறது. இது கவனக்குறைவால் நேர்ந்த வடிவமைப்பு என்று என்னால் நம்ப முடியவில்லை.

அந்த வைரஸ் எச்சரிக்கைகளின் ஊற்றுக்கண்ணைத் தேடியபோது, அவை பெரும்பாலும் இணையதளங்களைத் திறக்க உதவும் உலாவி வழியாக வருபவை என்பது தெரிந்தது. ஏதோ ஓர் இணையதளம் ‘அறிவிப்புகளை அனுப்பலாமா’ என்று கேட்டதற்கு அம்மா மரியாதையாக ‘அனுமதி’ என்று அழுத்தியிருக்கிறார். அதன் பிறகு அந்தத் தளத்தைத் திறக்காத வேளையிலும் அது அவரை அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. உலாவியின் அமைப்புகளில் அந்த அனுமதிகளை நீக்கினேன். விளம்பரம் செய்வோர் ஒரு போனை அடையாளம் கண்டுகொள்ளப் பயன்படுத்தும் விளம்பர அடையாள எண்ணையும் அழித்தேன். அதை அழிப்பதால் விளம்பரங்கள் நின்றுவிடுவதில்லை, நம் பழக்கங்களைப் பின்தொடர்ந்து வருவதுதான் சற்றுக் குறைகிறது.

பழைய போனுக்கே திரும்பிவிடலாமா என்றும் கேட்டேன். அவர் உடனே மறுத்துவிட்டார். பேத்தியின் முகமும் மருத்துவரின் சீட்டும் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன. போனைக் கீழே வைக்கத் தெரியாத பலவீனம் என்று இதைச் சொல்வோர் மீது எனக்கு வருத்தம் உண்டு. 2010-ஆம் ஆண்டிலேயே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் போனுக்கான விளம்பரத்தில், போனில் மூழ்கிச் சுற்றியிருப்பதை மறந்தவர்களைக் காட்டி, அவர்களை மீட்க ஒரு புதிய போன் வந்திருப்பதாகச் சொன்னது. 2018-இல் ஆப்பிளும் கூகுளும் பயன்பாட்டு நேரத்தைக் காட்டும் வசதிகளை அறிமுகப்படுத்தின. இவை எல்லாமே தவிர்க்கும் பொறுப்பைப் பயன்படுத்துபவரிடம் விட்டுவிடுகின்றன. தவிர்க்கவே முடியாத காரியங்களும் தூண்டில்களும் ஒரே திரையில், ஒரே ஓசையோடு வரும்போது, பிரித்தறியும் வேலை 73 வயதுக் கண்களின் மேல் விழுகிறது.

இப்போது சந்தேகம் வரும் செய்திகளை எல்லாம் அம்மா ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். நான் போகும்போது இருவரும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். சென்ற முறை பதினொரு வரிகள் இருந்தன. பத்து விளம்பரங்கள். ஏழாவது வரி மட்டும், கண் பரிசோதனையை முந்தைய ஒரு நாளுக்கு மாற்றி வைத்திருப்பதாகவும் உறுதிசெய்யத் தொடும்படியும் மருத்துவமனை அனுப்பிய உண்மையான செய்தி. நான் சொல்லிக் கொடுத்தபடியே அவர் அதைத் தொடவில்லை. அந்த நாள் கடந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.