கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை, அப்பாவுக்கு நீர்க்கடுப்பும் தீரவில்லை

கேள்வி:
அப்பாவுக்கு 79 வயது, புராஸ்டேட் வீக்கம் உண்டு. இரண்டு மாதமாக நீர்க்கடுப்பு. ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போகிறார். கழிவறைக் கதவைத் திறந்தாலே ஒரு அழுகல் வாடை. சிறுநீரில் சீழ் செல்கள் ஏராளம், கிருமி இருக்கிறதா என்று காட்டும் நைட்ரைட் சோதனை நெகட்டிவ். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் முதல் தடவை ‘வளர்ச்சி இல்லை’, அடுத்த தடவை ‘வெளிக்கிருமி கலப்பு’ என்று வந்தது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்து முடித்த பத்தாம் நாள் பழையபடி ஆகிவிட்டார். வயசானால் இப்படித்தான் என்கிறார்கள். அப்படியா?

பதில்:
வயசு என்று விட்டுவிடாதீர்கள். நான் நுண்ணுயிரி லேபில் தினமும் கிருமி வளர்க்கும் பிளேட் பார்க்கிறவள். நீர்க்கடுப்புக்கு வழக்கமான கிருமியான ஈ.கோலை ஒரே ராத்திரியில் பெரிது பெரிதாக வளர்ந்து நிற்கும். அதனால் பெரும்பாலும் மறுநாளே பார்த்து முடிவு எழுதிவிடுவார்கள். ஆக்டினோடிக்னம் ஷாலி என்ற கிருமியை அப்படிப் பிடிக்க முடியாது. ரத்த அகார் (ரத்தம் கலந்த வளர்ப்பு ஊடகம்), கார்பன் டை ஆக்சைடு உள்ள இன்குபேட்டர், 48 மணி நேரம், இத்தனையும் வேண்டும். அப்போதும் ஊசிமுனை அளவு சாம்பல் புள்ளிதான். நைட்ரைட்டில் காட்டாது, சிப்ரோவுக்கும் பெரும்பாலும் மசியாது. உங்கள் அப்பா கதையும் அப்படித்தான் இருக்கிறது.

இன்னொரு கிருமி ஏரோகாக்கஸ் யூரினே. 1992-இல்தான் தனி இனமாகப் பெயர் வைத்தார்கள். மைக்ராஸ்கோப்பில், தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி கொத்தாக இருக்கும். பிளேட்டில் பச்சை வளையத்தோடு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரி தெரியும். அதனால் ‘கலப்பு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். சிறுநீர் அடைப்புள்ள வயதான ஆண்களுக்கு அது அபூர்வமாக ரத்தத்தில் ஏறி இதய வால்வையே பிடித்துவிடும்.

டாக்டரிடம் சொல்லி, சீட்டில் ‘கிராம் ஸ்டெயின் (சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது), ரத்த அகார், 48 மணி நேரம்’ என்று எழுதி வாங்குங்கள். சிறுநீர்ப் பாதையில் கல், காசநோய் இருந்தாலும் கல்ச்சரில் ஒன்றும் வராமல் சீழ் மட்டும் வரலாம், அதையும் கேளுங்கள்.

இன்னொருவர்:
என் அம்மாவுக்கு 84. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை, ஆனால் ரிப்போர்ட்டில் கிருமி. மருந்து கொடுக்கணுமா?

பதில்:
தொந்தரவு இல்லையென்றால் பொதுவாகத் தேவையில்லை. இந்த வயதில் பலருக்கும் சிறுநீரில் கிருமி சும்மா இருக்கும்.

கேட்டவர்:
நன்றிங்க. நாளைக்கே சாம்பிள் கொடுக்கிறோம். வீட்டில் மிச்சம் அமாக்சிசிலின் இருக்கிறது, இன்று ராத்திரி ஒன்று கொடுக்கலாமா?

பதில்:
வேண்டாங்க. அந்த ஒரு மாத்திரையே போதும், கல்ச்சர் மறுபடி வெறுமையாக வந்துவிடலாம். முதலில் சாம்பிள், அப்புறம் மருந்து. இடையில் காய்ச்சலோ குளிரோ வந்தால் மட்டும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.