'யாளி ஏற்பி'யா, 'ஒட்டேற்பி'யா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

கார்-டி செல் சிகிச்சை என்பது நோயாளியின் டி செல்களை (நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களை) மாற்றியமைத்து, புற்றுநோயைத் தாக்க அவருக்கே திருப்பிச் செலுத்துவது. அதில் வரும் 'கைமெரிக்' ஏற்பிக்கு (செல்லின் மேலிருந்து இலக்கைப் பற்றும் புரதத்துக்கு) தமிழ்ச் சொல்லாக நேற்று வந்த பரிந்துரை இது:

> கைமெரா என்பது சிங்கம், ஆடு, பாம்பு மூன்றும் சேர்ந்த கிரேக்க விலங்கு. அதற்கு ஈடாக நம் கோயில் தூண்களில் யாளி இருக்கிறதே! 'யாளி ஏற்பி' எனலாமா?

படித்ததும் மனம் துள்ளியது. அழகான சொல்தான், ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை.

நான் மருத்துவமனை ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்குகிறவன். போன மாதம் ஓர் அம்மா, மகனுக்கான படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மருந்தா, ரத்தமா தம்பி?" என்று கேட்டார். படிவத்தில் 'கைமெரிக் ஆன்டிஜென் ரிசெப்டார்' என்று அப்படியே எழுத்துப்பெயர்த்திருந்தார்கள். அந்த இடத்தில் 'யாளி' இருந்திருந்தால் அவருக்குக் கோயில் தூண்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

நடப்பது என்ன? நோயாளியின் ரத்தத்தை ஒரு குழாய் வழியாக எடுத்து, டி செல்கள் அடங்கிய வெள்ளணுக்களைப் பிரித்துக்கொண்டு, மீதியை இன்னொரு குழாயில் திருப்பி ஏற்றுகிறார்கள். ஆய்வகத்தில், நோய் தராதபடி முடக்கப்பட்ட வைரஸ் ஒன்று அந்த டி செல்லுக்குள் புது மரபணுவைக் கொண்டுபோகிறது. அதனால் உருவாகும் ஏற்பியின் வெளிப்பகுதி எதிர்ப்பொருளிலிருந்து (ஆன்டிபாடியிலிருந்து) வந்தது. புற்றுச் செல்லின் மேலுள்ள சிடி19 போன்ற புரதத்தைப் பற்றும். உட்பகுதி டி செல்லுடையது. பற்றியதும் செல்லை முடுக்கும். நம் ஒட்டு மாங்கன்று இப்படித்தானே? வேர் நாட்டு மா, கிளை பங்கனப்பள்ளி. இரண்டும் தத்தம் குணம் மாறாமல் ஓருடலாய் நிற்கும். அதனால்தான் 'கலப்பின ஏற்பி'யும் பொருந்தாது. கலப்பினம், இரு குணமும் கலந்துபோகும் ஹைபிரிட்டுக்கு உரிய சொல்.

இன்னொன்று. உயிரியலுக்குள் கைமெரா என்ற சொல்லைக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் விங்க்ளர் என்ற ஜெர்மன் தாவரவியலர். 1907இல் அவர் தக்காளியையும் மணத்தக்காளியையும் ஒட்டுக்கட்டியபோது, ஒருபக்கம் தக்காளியாகவும் மறுபக்கம் மணத்தக்காளியாகவும் ஒரு தளிர் வந்தது. அதற்கு அவர் வைத்த பெயர்தான் அது. ஆகவே 'ஒட்டு' என்பது சொல்லின் பிறந்த வீட்டுக்கே போவதுதான்.

என் பரிந்துரை: ஒட்டேற்பி, ஒட்டேற்பி டி செல். செல்லைக் 'கலம்' என்னும் ஈழத்து நண்பர்கள் 'ஒட்டேற்பி டி கலம்' எனலாம். 'செல்கள் ஒட்டிக்கொள்ள உதவும் ஏற்பியோடு குழம்பாதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதைப் 'பற்றேற்பி' என்று பிரித்துவிடலாம். ஆன்டிஜெனுக்கு, அதாவது ஏற்பி பற்றும் இலக்குப் பொருளுக்கு, பாடநூல் சொல்லே போதும், அதில் எனக்கு வழக்கில்லை.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சையின் தொடக்ககால ஆய்வில் அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்குப் பெரும் பங்கு. 2023 அக்டோபரில் இந்தியாவில் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சை, ஐஐடி மும்பையும் டாடா நினைவு மையமும் சேர்ந்து செய்த ஆய்வில் பிறந்தது. அதிலும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் நல்கை இருக்கிறது. (அதை 'மானியம்' என்று எழுதாதீர்கள், உர மானியம் போல ஒலிக்கிறது.) அந்த அம்மா கட்டிய வரியும் இதில் சேர்ந்திருக்கிறது. பெயராவது அவருக்குப் புரிய வேண்டாமா?

படிவத்தின் அடுத்த வரைவு வெள்ளிக்கிழமை போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.