சீஸ் சோஸ் செய்தா சீஸ் ருசியே இல்ல, என்ன சீஸ் வாங்கலாம்?

காலிவீதிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயிறு பிள்ளையளுக்கு மக்ரோனியும் சீஸ் சோஸும் செய்து குடுத்தனான், மூத்தவன் ஒரு கரண்டி வாயில வச்சிட்டு "அம்மா இது போஸ்டர் ஒட்டுற பசையோ" எண்டு கேட்டான். அவனில பிழையில்ல, நானும் ருசி பாத்தன், கோதுமை மா மணம்தான் வருது, சீஸ் எங்க போச்சுதெண்டே தெரியேல்ல. போட்டது என்னெண்டா துருவின மொஸரெல்லா ஒரு பக்கெட், பேந்து காணாதெண்டு பாணுக்கு வைக்கிற சிலைஸ் நாலு. மொஸரெல்லா நூல் நூலா அகப்பையில சுத்தினதுதான் மிச்சம். நான் வெள்ளவத்தை, கிட்ட இருக்கிற சூப்பர்மார்க்கெட்டில சீஸ் தட்டுக்கு முன்னால நிண்டா தலை சுத்துது, எல்லாத்திலயும் செடார் எண்டுதான் போட்டிருக்கு. நல்லா ருசி எடுத்துக் குடுக்கிற சீஸ் எது? எங்கட வீட்டில வெள்ளிக்கிழமை மரக்கறி, அண்டைக்கும் செய்யக்கூடியதா இருந்தா நல்லம். விலையையும் யோசிச்சுச் சொல்லுங்கோ.

பழைய_சமையல்காரன்:
தங்கச்சி, மொஸரெல்லா இழுபடுறதுக்குத்தான், ருசிக்கில்ல. அது செய்து கொஞ்ச நாளிலயே சாப்பிடுற சீஸ். சீஸ் கிடந்து முத்த முத்தத்தான் உள்ள இருக்கிற புரதமும் கொழுப்பும் உடைஞ்சு அந்தக் கடுமையான ருசி வரும். செடார் எண்ட பேர மட்டும் பாத்து வாங்காதைங்கோ, செடார் எண்டது இங்கிலாந்தில சமர்செட் பக்கம் ஒரு ஊர், ஆனா இண்டைக்கு எந்த நாட்டில செய்தாலும் செடார் எண்டு போடலாம். பக்கெட்டில மைல்ட் எண்டிருந்தா ரெண்டு மூண்டு மாசம்தான் முத்த வச்சது, மச்சூர் எண்டா கிட்டத்தட்ட ஒரு வருஷம், எக்ஸ்ட்ரா மச்சூர், வின்டேஜ் எண்டா ஒண்டரை வருஷம் வரையும் போகும். உங்களுக்கு மச்சூர் போதும். நிறத்தையும் பாக்காதைங்கோ, அந்தச் செம்மஞ்சள் அனாட்டோ எண்ட விதையில எடுக்கிற சாயம், ருசிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமுமில்ல. முத்தின செடாரில வெள்ளைப் புள்ளி கிடந்தா பூஞ்சணம் எண்டு எறிஞ்சுபோடாதைங்கோ, தடவிப் பாருங்கோ, கல்லு மாதிரி நறநறத்தா அது கல்சியம் லக்டேட், நல்ல சாமான்.

இனி சோஸ். அரை லீட்டர் பாலுக்கு 30 கிராம் பட்டர், 30 கிராம் மா, அவ்வளவுதான். மா மணம் வந்ததெண்டா மாவ பட்டரில வறுக்கேல்ல எண்டு அர்த்தம், ரெண்டு நிமிஷமாவது சின்ன நெருப்பில கிண்டோணும். பால்மா கரைச்சுச் செய்தாலும் பரவாயில்ல, கட்டி இல்லாமக் கரைச்சாச் சரி. சோஸ் தடிச்ச உடன அடுப்ப நிப்பாட்டிப்போட்டுத்தான் 150 கிராம் சீஸ் போடோணும், கட்டியா வாங்கி வீட்டில துருவினது. துருவி வாற பக்கெட்டில ஒட்டாமல் இருக்கிறதுக்கு ஸ்டார்ச் தூவியிருப்பாங்கள், அதுவும் உங்கட பசைக்கு ஒரு காரணம். கடுகுத்தூள் கால் தேக்கரண்டி போட்டுப் பாருங்கோ, கடுகெண்டு ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம், ஆனா சீஸ் ருசி எழும்பி நிக்கும்.

தெஹிவள_ராத்தா:
நானா சொன்னது சரி, ஆனா ஒண்டு விட்டுட்டீங்க. முத்தின செடார மட்டும் போட்டா எண்ணெ பிரிஞ்சு மணல் மாதிரி வரும், எனக்கு ரெண்டு தடவ அப்புடி ஆகி ஒரு சட்டி சோஸயே கொட்டின. வாப்பா சவூதில ஈக்கக்குள்ள வரும்போதெல்லாம் அந்த நீல டின் கிராஃப்ட் சீஸ் கொண்டு வருவாங்க, இப்ப இங்கேயே கிடைக்குதே. அதுல உருக்குறதுக்குண்டே உப்பு சேத்திருக்காங்க, அதால எண்ணெயும் தண்ணியும் பிரியாது. நான் மச்சூர் செடார் மூணு பங்குக்கு டின் சீஸ் ஒரு பங்கு போடுற. ருசி செடார்ல வரும், வழுவழுப்பு டின்ல வரும். சாதிக்கா கொஞ்சூண்டு உரசிப் போடுங்க, கண்டிப் பக்கத்து சாதிக்காண்டா வாசமே வேற.

பழைய_சமையல்காரன்:
டின் சீஸ் எண்டா எனக்கு இன்னும் மனம் ஒப்புதில்ல. ஆனா முழுக்க முத்தினதப் போட்டாப் பிரியும் எண்டது உண்மைதான், ஒத்துக்கொள்ளுறன்.

கொத்துப்பிரியன்:
அக்கா பார்மசான் போடுங்க, கொஞ்சம் போட்டாலே தூக்கும். சீஸ் கொத்துக் கடையில ஊத்துறாங்களே, அது பாலும் ப்ராசஸ்ட் சீஸும்தான், அதப் பாத்து செஞ்சுடாதீங்க, கொத்துல சால்னா, மிளகாய் எல்லாம் இருக்கிறதால அங்க எடுபடுது, மக்ரோனிக்கு சப்புனு இருக்கும்.

தெஹிவள_ராத்தா:
தம்பி அவங்க வெள்ளிக்கிழம மரக்கறிண்டு சொன்னாங்களே! இத்தாலியில செய்ற அசல் பார்மசான், பார்மிஜானோண்டு சொல்றது, கண்டுக்குட்டி வயித்துல எடுக்குற ரெனெட் போட்டுத்தான் உறைய வைக்கிறாங்க, அது அவங்கட சட்டம். நாங்களும் ஹலால் பாக்குறதால பக்கெட்ட திருப்பித் திருப்பி வாசிச்சுத்தான் வாங்குற. மைக்ரோபியல் ரெனெட் (நுண்ணுயிர்ல எடுக்குறது), வெஜிடேரியன் அப்புடிண்டு போட்டிருந்தா எடுங்க, செடார்ல அது நிறைய ஈக்கி.

காலிவீதிக்காரி:
ராத்தாக்கும் அண்ணாக்கும் கோடி நன்றி. எக்ஸ்ட்ரா மச்சூர் விலையப் பாத்திட்டு பேசாம மச்சூர் 200 கிராம் கட்டி எடுத்தன், வெஜிடேரியன் எண்டு மூலையில சின்னனாக் கிடந்தது, கண்ணாடி போட்டுத்தான் வாசிச்சன். மாவ வறுக்க வறுக்க பிஸ்கட் மணம் வந்தது, அதுக்குப் பிறகுதான் பால் ஊத்தினன். டின் சீஸும் ஒரு துண்டு போட்டன் அண்ணா, கோவிக்காதைங்கோ. மூத்தவன் சட்டிய வழிச்சு பாணில பூசிச் சாப்பிட்டான், சின்னவள் மட்டும் "மணக்குது" எண்டு மூக்கப் பொத்தினவள், அவளுக்கு அடுத்தமுறை கொஞ்சம் குறைக்கோணும். செடாரில கால்வாசி மிச்சம் கிடக்கு, ஃப்ரீசரில வைக்கலாமோ?

பழைய_சமையல்காரன்:
துருவிப்போட்டு வையுங்கோ. ஃப்ரீசரில வச்ச சீஸ் உதிரும், பாணுக்கு வெட்டேலாது, சோஸுக்கெண்டா ஒரு குறையுமில்ல.