சைற்றா டிப்ளோமாவா: முறிகண்டிச் சொந்தங்கள் குழு

வெள்ளி

வினோ, இரவு 7:08
எல்லாரிட்டயும் ஒரு கேள்வி. மதகு வேலை செய்யிற கொன்றாக்ரர் ஒராள் திங்கள் வா எண்டுறார், சைற் சுப்பர்வைசர். மற்றப் பக்கம் அறிவியல் நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்துக்குக் கட்டுமான டிப்ளோமாவுக்குப் போட்டிருக்கிறன். எதைப் பிடிக்கிறது?

பெரியம்மா, இரவு 7:10
கவுண்மேந்து வேலை எதில வருமோ அதைப் பிடி ராசா

சின்ன மாமா, இரவு 7:15
அக்கா கொஞ்சம் பொறுங்கோ 😄
வினோ, முதல்ல ஏணியைப் பார். என்விகியூ, அதுதான் தேசிய தொழிற்தகைமை, 1 இல இருந்து 7 வரை. 4 வரைக்கும் கைத்தொழில் சான்றிதழ்: மேசன், கம்பி கட்டுறவர், வயரிங், வெல்டிங். 5 தேசிய டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, 7 பட்டம். சுப்பர்வைசர் எண்ட பேருக்கு இந்த ஏணியில ஒரு படியும் இல்லை. அது அந்தக் கொன்றாக்ரர் உனக்கு வச்ச பேர். அடுத்தவரிட்டப் போனா திரும்ப ஆனா ஆவன்னாதான்.

வினோ, இரவு 7:17
ஆறேழு வருஷம் வேலை செய்தா அனுபவத்துக்கே சான்றிதழ் தருவினமாமே மாமா?

சின்ன மாமா, இரவு 7:22
ஓம், முன்கற்றல் அங்கீகாரம், ஆர்பிஎல். கோர்ஸுக்குப் போகாமலே 3 அல்லது 4 எடுக்கலாம். வன்னியில நல்ல மேசன்மார் கனபேருக்கு அதுதான் வழி. ஆனா அது செய்யத் தெரிஞ்சவனுக்கு. மதிப்பீட்டாளர் வந்து கேள்வி கேப்பார், செய்து காட்டச் சொல்லுவார், அத்தாட்சிக் கோப்புப் பாப்பார். கோப்பில்லாமல் போறவை அந்த இடத்தில நிண்டு முழிப்பினம். வேலைப் படம், திகதி, வேலை குடுத்தவரின்ர கடிதம் மூண்டும் ஒரே வேலையைச் சொல்லோணும். படத்தில நீ நிக்காமல் கட்டிடம் மட்டும் நிண்டா யார் கட்டினதெண்டு என்னெண்டு தெரியும்?
உனக்கு ஆர்பிஎல் இப்ப சரிவராது. ஏஎல் தொழில்நுட்பப் பிரிவு முடிச்சனி, டிப்ளோமாவுக்கே நேரா ஏறு.

கலா அக்கா, இரவு 7:31
மாமா சொன்னது படிப்பு ஏணி. பக்கத்தில இன்னொரு ஏணி இருக்கு, பதிவேடு. அதைத் தெரியாமல் கோர்ஸ் எடுக்கிறதுதான் எங்கட பிள்ளையள் விடுற பெரிய பிழை.
2017ஆம் ஆண்டு 4ஆம் இலக்கப் பொறியியற் பேரவைச் சட்டம் வந்தாப் பிறகு, பொறியியல் தொழில் செய்யிறவை அந்தப் பேரவையில பதிஞ்சிருக்கோணும். பட்டயப் பொறியியலாளர் (சாட்டட்) ஒரு வகுப்பு. இன்கோப்பரேற்றட், டிப்ளோமாக்காரர், ரெக்னீசியன் எல்லாம் வேற வேற வகுப்பு. நீ கடைசியில எந்த வகுப்பில நிக்கப் போறாய் எண்டதை இப்ப யோசி, பிறகு கோர்ஸை எடு.

நிலா, இரவு 7:34
கலா மச்சாள், எங்கட பொறியியல் பீடத்துக்குப் பக்கத்திலயே தொழில்நுட்ப பீடமும் இருக்கு. அங்க பிஇரி படிக்கிறவையும் பொறியியலாளர்தானே எண்டு வீட்டாக்கள் கேக்கினம். அதையும் ஒருக்கா எழுதிவிடுங்கோவன்.

கலா அக்கா, இரவு 7:42
நல்ல கேள்வி, அதில கனபேர் அடிபட்டுப் போகினம். நீ படிக்கிறது 4 வருஷ பொறியியல் விஞ்ஞானமாணி. அந்த வகைப் பட்டத்துக்குத்தான் வாஷிங்டன் அக்கோட், அதாவது நாடுகள் ஒண்டின்ர பட்டத்தை ஒண்டு ஏற்கிற ஒப்பந்தம், இலங்கை 2014 இல முழு உறுப்பு ஆனது. பிஇரி பொறியியல் தொழில்நுட்பப் பட்டம். உலகத்தில அந்த வகைக்கு சிட்னி அக்கோட், 2 வருஷ ரெக்னீசியன் படிப்புக்கு டப்ளின் அக்கோட் எண்டு வேற ஒப்பந்தங்கள் இருக்கு. ஒண்டு கூட, ஒண்டு குறைவு எண்டு இல்லை, பாதை வேற. பிஇரி முடிச்சிட்டு நேரா சாட்டட் எடுக்கலாம் எண்டு நம்பினா 4 வருஷம் கழிச்சுத்தான் உண்மை தெரியும்.
நிலா உனக்கும் ஒண்டு: பல்கலைக்கழகத்தின்ர பேர் இருந்தாப் போதாது. உன்ர துறையும் உன்ர உள்ளீட்டு வருஷமும் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின்ர அங்கீகாரப் பட்டியலில இருக்கோணும். பட்டமளிப்புக்கு முதலே பார்.

நிலா, இரவு 7:43
சரி மச்சாள், நாளைக்கே பாக்கிறன்

மணி அத்தான், இரவு 7:55
இப்பதான் பாத்தன். வினோ, டிப்ளோமாவுக்குப் போ. கோர்ஸ் தொடங்கும் வரைக்கும் சைற்றுக்கும் போ. இதில அடிபட என்ன இருக்கு?
போறதெண்டா முதல் நாளே கேக்க வேண்டியது:
நியமனக் கடிதம். பதவிப் பேர், தொடங்கிற திகதி, வேலையின்ர பேர் மூண்டும் அதில இருக்கோணும். ஒரு பக்கம் போதும். வேலை முடிஞ்சு பணம் இழுபடேக்க கடிதம் கேட்டா ஒருதரும் தரமாட்டினம்.
ஈபிஎஃப், ஊழியர் சேமலாப நிதி. உன்ர பக்கம் சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12, ஈரிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 முதலாளி தனியக் கட்டோணும். "கையில கூடத் தாறன், ஈபிஎஃப் வேண்டாமே" எண்டுவினம். விழாத. காசு ஒரு பக்கம் கிடக்க, நாளைக்கு நீ இன்ன காலத்தில இன்ன இடத்தில வேலை செய்தனி எண்டதுக்கு ஒருதரும் மாத்த ஏலாத சாட்சி அந்தக் கணக்குத்தான்.
பிறகு அந்தக் கொன்றாக்ரரின்ர சீடா தரம், அதுதான் கட்டுமானத் துறை அபிவிருத்தி அதிகார சபை குடுக்கிற தரம், என்ன எண்டு கேள். சி1 இல இருந்து எண் கூடக் கூட வேலையின்ர பெறுமதி குறையும், சி1க்கு மேல சிஎஸ் தரங்கள். சின்னத் தரத்தில ஒராள் எல்லா வேலையும் பழகலாம், பெரிசில ஒரு வேலையை ஒழுங்காப் பழகலாம். தொடக்கத்துக்குச் சின்னது நல்லம், ரெண்டு வருஷத்துக்கு மேல அங்க இராத.

பெரியம்மா, இரவு 7:58
மருமோன் கவுண்மேந்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை

மணி அத்தான், இரவு 8:06
மாமி வாறன் வாறன் 🙏
ரிஓ வேலை, அதுதான் தொழில்நுட்ப உத்தியோகத்தர், டிப்ளோமாக்காரருக்கு உள்ள வாசல். வர்த்தமானி வெள்ளிக்கிழமையில வரும், மாகாண சபை தன்ர பாட்டில தனியாக் கூப்பிடும். விளம்பரத்தில போட்டிருக்கிற டிப்ளோமாவின்ர பேரும் உன்ர சான்றிதழில இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தோணும். "சமமானது" எண்டு நீயா நினைச்சுப் போடாத, அதுக்குக் கடிதம் எடுத்து வை.
உள்ள போனாப் பிறகு சேவைப் பிரமாணக் குறிப்பை வாசி. வினைத்திறமைகாண் தடைதாண்டல் பரீட்சை, இரண்டாம் அரச மொழி ரெண்டுக்கும் காலக்கெடு இருக்கும். சிங்களத்தைப் பிறகு பாப்பம் எண்டு விட்டவைக்குத்தான் சம்பள ஏற்றம் நிக்கிறதும் மூப்பு அடிபடுறதும்.

கலா அக்கா, இரவு 8:09
பொறியியல் சேவையிலும் அதே கதைதான், வகுப்பு III, II, I, பிறகு விசேட தரம். வேலை தெரிஞ்சும் பரீட்சையால பின்னுக்கு நிக்கிறவை எல்லாத் திணைக்களத்திலயும் இருக்கினம்.

வினோ, இரவு 8:12
லொக் புத்தகம் எழுது எண்டு எல்லாரும் சொல்லினம். என்னத்தை எழுதுறது? "கொங்கிறீற் போட்டம்" எண்டுதானே ஒவ்வொரு நாளும் வரும்.

கலா அக்கா, இரவு 8:24
அப்பிடி எழுதினா அது வரவுப் பதிவு. மூண்டு விஷயம் வரோணும்: என்ன அளவு, என்ன சோதனை, பிழைச்சா ஏன்.
கொங்கிறீற் எண்டா சிலம்ப், அதுதான் கூம்பைத் தூக்கினாப் பிறகு கலவை எவ்வளவு இறங்குது எண்ட அளவு, எத்தனை எண்டு எழுது. கூம்பு 300 மிமீ உயரம், மூண்டு தட்டு, தட்டுக்கு 25 குத்து, கம்பி 16 மிமீ. 75 மிமீ கேட்ட இடத்தில 140 வந்தா ஏன் வந்தது? மத்தியானத்துக்குப் பிறகு கலவை இறுகுது எண்டு மிக்சர்க்காரர் ஒரு வாளி தண்ணி கூட விட்டிருப்பார். வன்னி வெயிலுக்கு அது வழமை. தண்ணி கூடினா வலு குறையும், அந்த லோட்டை நீ என்ன செய்தாய்? அதை எழுது.
கியூப், வலு பாக்க வார்க்கிற கொங்கிறீற் கட்டி, 150 மிமீ, 7 நாளுக்கும் 28 நாளுக்கும் சோதிக்கிறது. 7 நாளில ஏறக்குறைய மூண்டில ரெண்டு பங்கு வலு வந்திருக்கோணும். வராட்டி 28 வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேல்லை, கியூப் தண்ணிக்குள்ள கிடந்ததோ, வெயிலில கிடந்ததோ எண்டு முதல் பார்.
குளக்கட்டு வேலை வந்தா மண் தட்டு 150 மிமீ, பொதுவா ஆய்வுகூட உச்ச அடர்த்தியின்ர 95 வீதம், அதைப் பாக்கிறது மணற் கூம்புச் சோதனை. ஈரம் கூடினா ரோலருக்குக் கீழ மண் மெத்தை மாதிரி அமுங்கி எழும்பும், குறைஞ்சா கட்டி உடையாது. ரெண்டிலயும் சோதனை விழும். எந்த ஈரத்தில விழுந்தது எண்டதை எழுது.

நிலா, இரவு 8:27
பட்டதாரிக்கும் இப்பிடியேதான் எழுதோணுமா மச்சாள்?

கலா அக்கா, இரவு 8:38
இன்னும் கூட. பட்டம் முடிஞ்ச உடன பொறியியலாளர் நிறுவனத்தில அசோசியேற் உறுப்புரிமைக்குப் போடு. பிறகு பயிற்சியும் அனுபவமுமா நாலைஞ்சு வருஷம் எண்டு வச்சுக்கொள், அதுக்குப் பிறகு சாட்டட்டுக்கான தொழில்சார் மீளாய்வு. அறிக்கையும் நேர்முகமும் இருக்கும். அங்க விழுறவை கணக்குத் தெரியாமல் விழுறேல்லை. அறிக்கை முழுக்க "நாங்கள் செய்தோம்" எண்டிருக்கும். நீ என்ன முடிவெடுத்தாய், வேற என்ன வழி இருந்தது, ஏன் அதை விட்டாய் எண்டு கேட்டா பேச்சிருக்காது.
அதோட வடிவமைப்பு, சைற் ரெண்டும் வேணும். ஒரே கதிரையில 4 வருஷம் இருந்திட்டுப் போனா ஒரு கால் நொண்டும்.
எங்கட நிலத்தைப் படி. முருங்கன், துணுக்காய்ப் பக்கக் களி மாரியில ஊதும், கோடையில சுருங்கி வெடிக்கும். அத்திவாரம் அந்த ஈரம் மாறுற ஆழத்துக்குக் கீழ போகாட்டி யன்னல் மூலையில சாய்ஞ்ச வெடிப்பு வரும். இஞ்ச நிண்டு அதைப் பழகினவனுக்கு நேர்முகத்தில சொல்லச் சரக்கிருக்கும்.

சின்ன மாமா, இரவு 8:41
மின், இயந்திரம் எடுத்தவைக்கும் இஞ்சால வேலை இல்லை எண்டு சொல்ல ஏலாது இப்ப. மன்னார் தம்பபவனியில மட்டும் 30 காற்றாலை, 103.5 மெகாவாற். அந்த உயரத்தில வேலை எண்டா பட்டத்தோட உயரப் பாதுகாப்புப் பயிற்சியும் கேப்பினம்.

வினோ, இரவு 8:44
வெளிநாடு? அவுஸ்திரேலியா?

மணி அத்தான், இரவு 8:52
உன்ர வயசில அதுதான் முதல் கேள்வியா வரும் எண்டு நினைச்சன், பரவாயில்லை கடைசியாக் கேட்டிட்டாய் 😄
அக்கோட்டுக்குள்ள வாற பட்டமெண்டா அந்த வழியா மதிப்பீடு. இல்லாட்டி எஞ்சினியர்ஸ் ஒஸ்ரேலியாவுக்கு சிடிஆர், அதுதான் உன்ர திறமையைக் காட்டுற அறிக்கை, எழுதோணும்: மூண்டு தொழில் அத்தியாயம், ஒண்டு 1000 இல இருந்து 2500 சொல், அதோட தொடர்கல்விப் பட்டியலும் சுருக்க அறிக்கையும். காசு குடுத்து எழுதுவிக்கிற கடையள் இருக்கு. ஒராளுக்கு எழுதினதைப் பேர் மாத்தி இன்னொராளுக்கு விக்கும், பிடிபட்டா விண்ணப்பம் அதோட முடிஞ்சுது. உன்ர லொக் புத்தகம் ஒழுங்கா இருந்தா மூண்டு அத்தியாயமும் அதுக்குள்ளயே கிடக்கும்.
வளைகுடாவெண்டா சான்றிதழ் அத்தாட்சிப்படுத்தோணும், கொன்சியூலர் பிரிவு யாழ்ப்பாணத்திலயும் இருக்கு.
இன்னொண்டு. ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி, மண் வேலை நிண்டுபோகும். அந்த மூண்டு நாலு மாசம் வீட்டில சும்மா கிடவாத. ஓட்டோகாட் வரைபடம், ரோட்டல் ஸ்டேசன் எண்ட நில அளவைக் கருவி, எக்செல்லில அளவுப் பட்டியல், இதில வருஷத்துக்கு ஒண்டு.

பெரியம்மா, இரவு 8:55
சிங்களத்தையும் போடு அந்த மாரிக்குள்ள

மணி அத்தான், இரவு 8:56
மாமி சொன்னதுதான் முதலாவது

திங்கள்

வினோ, இரவு 7:40
கடிதம் தந்திட்டினம். ஈபிஎஃப் அடுத்த மாசம் எண்டினம், திகதி எழுதித் தரச் சொல்லியிருக்கிறன். லொக் இது, பாருங்கோ அத்தான்:
"மதகு அடித்தளம் 4.0 மீ × 2.5 மீ × 0.20 மீ. கொங்கிறீற் 2.0 கன மீ. கவர் (கம்பியை மூடுற கொங்கிறீற்) 50 மிமீ. கீழ்த் தட்டு நீளப் பக்கம் 12 மிமீ கம்பி, 150 இடைவெளி. அகலத்தில ரெண்டு பக்கக் கவர் போக 2400, அதை 150 ஆல் பிரிச்சா 16 கம்பி, ஒண்டு 3.9 மீ. மொத்தம் 62.4 மீ. விட்டத்தின் வர்க்கம் வகுத்தல் 162 படி மீற்றருக்கு 0.889 கிலோ, 55.5 கிலோ."

மணி அத்தான், இரவு 7:49
நல்லா இருக்கு. கம்பியைத் திரும்ப எண்ணு.

வினோ, இரவு 7:50
2400/150 = 16 தானே?

மணி அத்தான், இரவு 7:51
16 இடைவெளி. வேலிக்கு எத்தனை கதியால்?

வினோ, இரவு 7:53
ஐயோ. 17. 66.3 மீ, 58.9 கிலோ.

மணி அத்தான், இரவு 7:54
வெட்டினதை அழிக்காத. ஒரு கோடு போட்டுப் பக்கத்தில எழுதி, நாளைக்கு எஞ்சினியரிட்டக் கையெழுத்து வாங்கு. சிலம்ப் எத்தனை? எழுதேல்லையே.