மூன்று வருடம் ஸ்டார்ட்அப்பில், எல்லா வேலையும் செய்கிறேன். வளர்கிறேனா என்று தெரியவில்லை

பெருங்குடி_பையன் கேட்டது:

வணக்கம். 2022இல் திருநெல்வேலியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு நேராகச் சென்னைக்கு வந்து ஒரு சின்ன ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். கிளினிக்குகளுக்கான அப்பாயின்ட்மென்ட், பில்லிங் சாஃப்ட்வேர். மொத்தமே இருபது பேர்தான். என் பதவி 'டெக் லீட்'. எனக்குக் கீழே யாரும் இல்லை, மேலே ஃபவுண்டர் மட்டும்.

காலையில் ரியாக்டில் திரைப் பக்கம், மதியம் ஜாங்கோவில் சர்வர் பக்கம், சாயங்காலம் ஏடபிள்யூஎஸ் (வாடகை சர்வர்) பில் ஏன் ஏறியது என்று தேடுவது. நடுவில் ஒரு டாக்டர் ஃபோன் செய்து பிரிண்டர் ஓடவில்லை என்பார், அதையும் பார்ப்பேன். சர்வர் சாவி முதல் டிப்ளாய் ஸ்கிரிப்ட் வரை எனக்கு மட்டும்தான் தெரியும். தீபாவளிக்கு ஊருக்குப் போனாலும் லேப்டாப் கூடவே வரும்.

சமீபத்தில் பெரிய ப்ராடக்ட் கம்பெனி ஒன்றில் இன்டர்வியூ. "ஆழமாகச் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்" என்றார்கள். எதைச் சொல்வது என்றே தெரியவில்லை. எங்கள் ஆபீஸில் நான் எழுதும் கோட் சரியா என்று ரிவ்யூ செய்ய ஆள் கிடையாது. இப்போது ஒரு சர்வீஸ் கம்பெனி ஆஃபர் கையில் இருக்கிறது, சம்பளம் நாற்பது சதவீதம் கூட. ஃபவுண்டர் "ஈசாப் தருகிறேன், இரு" என்கிறார், அதாவது கம்பெனி ஷேரை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமை. வீட்டில் அக்கா கல்யாணக் கடன் வேறு. என்ன செய்யலாம்?

ஜிஎஸ்டி_அக்கா:

தம்பி, முதலில் அந்த 'டெக் லீட்' பட்டத்தை மறந்துவிடு. இருபது பேர் கம்பெனியில் சம்பளம் ஏற்ற முடியாதபோது பட்டத்தை ஏற்றுவார்கள். பெரிய கம்பெனிக்குப் போனால் அவர்கள் தங்கள் அளவுகோலை வைத்து அளந்து, ஒரு படியோ இரண்டு படியோ கீழேதான் உட்கார வைப்பார்கள்.

நான் 2016இல் துரைப்பாக்கத்தில் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தேன். உன்னை மாதிரியேதான், எல்லா வேலையும். பிறகு 2017 ஜூலை 1 வந்தது, ஜிஎஸ்டி. அன்று காலையிலிருந்து சப்போர்ட் ஃபோன் ஓயவில்லை. ஆள் போதாமல் டெவலப்பர்களையும் உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் முனகினார்கள். எனக்கும் அலுப்புதான், ஆனால் திருப்பூர் வியாபாரி ஒருவர் பேசியது மண்டையில் நின்றுவிட்டது. "மேடம், உங்க பில்லுல வர்ற வரியும் எங்க ஆடிட்டர் போடுற வரியும் ஒரு காசு இடிக்குது" என்றார். ஒரு காசுதானே என்று எங்கள் டீமே சிரித்தது. அவருக்கு அது நூற்றுக்கணக்கான பில். மாதக் கடைசியில் கணக்கு ஒட்டாது.

தோண்டிப் பார்த்தேன். 10 ரூபாய் 25 காசுப் பொருளுக்கு 5 சதவீத வரி, ரவுண்டு செய்தால் 51 காசு. அதே வரியை மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டரை இரண்டரையாகப் பிரித்துத் தனித்தனியாக ரவுண்டு செய்தால் 26 காசும் 26 காசும், மொத்தம் 52. அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் ரவுண்டு செய்வதா, மொத்தத்தில் செய்வதா என்று இன்னொரு குழப்பம். இதற்கு மேல் எங்கள் கோடில் பணத்தை ஃப்ளோட்டில், அதாவது துல்லியம் தவறக்கூடிய தசம எண்ணாக, வைத்திருந்தார்கள், அது தனிக் கூத்து. எல்லாத் தொகையையும் காசாக, முழு எண்ணாக மாற்றி, எங்கே ரவுண்டு செய்கிறோம் என்பதை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இரண்டு பக்கம் எழுதியும் வைத்தேன். ரிவ்யூ செய்ய ஆள் இல்லாததால் அந்த இரண்டு பக்கத்தை ஒரு ஆடிட்டரிடம் காட்டினேன். அவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த முதல் உருப்படியான ரிவ்யூ அதுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு இ-இன்வாய்ஸ் (அரசுத் தளத்தில் பதிவு செய்யும் பில்) கட்டாயம் என்றார்கள். அந்த வரம்பு 100 கோடி, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எனக்கு வேலை கூடியது, மதிப்பும் கூடியது. அதே காலத்தில் நான் ராத்திரி பகலாகக் கற்ற ஆங்குலர்ஜேஎஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்குக்கு 2021 டிசம்பரோடு ஆதரவே நின்றுபோனது. அந்த உழைப்பு வீண் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இன்று எனக்குச் சோறு போடுவது அது இல்லை.

எல்லா வேலையும் செய்வதில் தப்பில்லை. கம்பெனி எந்தப் பிரச்சினையைத் தீர்த்துப் பிழைக்கிறதோ, அதில் ஒரு மூலையை அடிவரைக்கும் தெரிந்துகொள். மூன்றாவது 'ஏன்' வந்தாலும் ஐந்தாவது வந்தாலும் பதில் இருக்க வேண்டும்.

நைட்_ஷிஃப்ட்:

அக்கா சொன்னது சரி. நான் ஒரே ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன்: "எனக்கு மட்டும்தான் தெரியும்." இதில் உங்களுக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கிறது ப்ரோ, எனக்குக் கேட்கிறது. உங்களை வேறு வேலைக்கு விடாமல் கட்டிப்போடுவதும் அதுதான்.

புரோகிராமர்கள் தங்கள் கோட் வைத்துக்கொள்ளும் கிட்லேப் தளத்தின் கதை தெரியுமா? 2017 ஜனவரி 31. டேட்டாபேஸை இன்னொரு சர்வரில் நகலாக வைக்கும் ரெப்ளிகேஷன் தகராறோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஒரு இன்ஜினியர், இரண்டாம் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்துவிட்டார். கிட்டத்தட்ட 300 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே என்று போனால் அதை வைக்கும் பக்கெட் காலி. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், பேக்கப் எடுத்த டூல் 9.2, அதனால் தினமும் ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தது. ஃபெயில் ஆனதைச் சொல்லும் மெயிலையும் டிமார்க் (அனுப்பியவர் உண்மையானவரா என்ற சோதனை) சரியில்லை என்று மெயில் சர்வர் தள்ளிவிட்டது. வேறொரு காரணத்துக்காக யாரோ ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து நகல்) காப்பாற்றியது.

அவர்கள் அந்த இன்ஜினியரைப் பலிகொடுக்கவில்லை. மீட்பு வேலையை யூட்யூபில் லைவாகக் காட்டினார்கள், என்ன நடந்தது என்று முழுதாக எழுதி வெளியிட்டார்கள். தேடிப் படியுங்கள். படித்து முடித்ததும் உங்கள் கிளினிக் டேட்டா பேக்கப்பை ஒரு காலி சர்வரில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். முதல் தடவை ஓடாது என்று என் கணிப்பு. ஓட வைக்கும் வரை செய்ததை எழுதி, இன்னொருவரிடம் கொடுத்து, அவரையே செய்யச் சொல்லுங்கள். அடுத்த தீபாவளிக்கு லேப்டாப் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:

ஈசாப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். வழக்கமாக நான்கு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும். இந்தியச் சட்டப்படி முதல் ஒரு வருடம் எதுவும் வராது. அப்படி வருவதும் வாங்கும் உரிமைதான், பணம் இல்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தி ஷேர் வாங்கும் நாளில், நீங்கள் கொடுத்த விலைக்கும் அன்றைய மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி விழும். ஷேரை விற்க ஆளே இல்லாவிட்டாலும் வரி உண்டு. 2020 பட்ஜெட்டில் இதைத் தள்ளிப்போட ஒரு சலுகை வந்தது. ஆனால் அது 80-ஐஏசி என்ற வரிச்சலுகைச் சான்று வாங்கிய ஸ்டார்ட்அப்புக்கு மட்டும். வேலையை விட்டால் அந்தச் சலுகையும் முடிந்தது.

சாஃப்ட்வேர் கம்பெனி ஃபிரெஷ்வொர்க்ஸ் மாதிரி ஆகாதா என்பீர்கள். ஆகலாம். 2010இல் சென்னையில் ஆரம்பித்து 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை நாஸ்டாக்கில் பட்டியலானது. பதினோரு வருடம். வெளியீட்டு விலை 36 டாலர், ஒரு வருடத்துக்குள் அதில் பாதிக்கும் கீழே வந்தது. நன்றாக வந்த கதையே இப்படி. ஃபவுண்டரிடம் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எத்தனை ஆப்ஷன், என்ன விலை, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும். நேராகப் பதில் சொல்லாமல் மழுப்பினால் ஈசாப்பை மறந்து, சம்பளத்தை மட்டும் வைத்து முடிவு எடுங்கள்.

மதுரை_ரிட்டர்ன்:

எல்லோரும் பெரிய பேச்சு பேசுகிறீர்கள். கடன் வட்டி மாதாமாதம் வரும், ஆழமான அறிவு வருடக்கணக்கில்தான் பலன் தரும். சர்வீஸ் கம்பெனியில் கோட் ரிவ்யூ இருக்கும், சீனியர் இருப்பார், ஞாயிறு லீவு. எந்த ப்ராஜெக்டில் போடுவார்கள் என்று மட்டும் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ப்ராஜெக்ட் எதுவும் தராமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டால் நாற்பது சதவீதம் கூட வாங்கி என்ன பயன்?

பெருங்குடி_பையன்:

எல்லோருக்கும் நன்றி. மதுரைக்காரர் சொல்வதுதான் வீட்டிலும். ஆனால் அக்கா, கிளினிக் பில்லிங்கில் அப்படி என்ன மூலை இருக்கிறது? டாக்டர் ஃபீஸ், மருந்து, கூட்டல், அவ்வளவுதானே.

ஜிஎஸ்டி_அக்கா:

அவ்வளவுதானா? டாக்டர் கன்சல்டேஷனுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அதே கவுன்டரில் விற்கும் மருந்துக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22இல் 12 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான மருந்துகள் 5க்கு வந்தன. அன்றைக்கு உங்கள் சிஸ்டத்தில் என்ன செய்தீர்கள்? 2025 ஆகஸ்ட் பில்லை இன்று மறுபடி பிரிண்ட் எடுத்தால் எந்த வரி வரும்?

பெருங்குடி_பையன்:

பழைய 12தான் வரும். வரி விகிதத்தை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று தனி டேபிளில் வைத்திருக்கிறேன். அதை நான்தான் மாற்றி எழுதினேன், செப்டம்பருக்கு ரொம்ப முன்பே. இதை ஒரு வேலையாக இன்டர்வியூவில் சொல்லத் தோன்றவே இல்லை.

ஜிஎஸ்டி_அக்கா:

பார்த்தாயா! சரி, அடுத்தது. செப்டம்பர் 20இல் மருந்து வாங்கிய பேஷன்ட் 25ஆம் தேதி பாதி ஸ்ட்ரிப்பைத் திருப்பிக் கொடுக்கிறார். அவருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அதில் வரி எவ்வளவு? உன் கோட் என்ன செய்கிறது என்று ஓட்டிப் பார்த்து எழுது, கூடவே ஏன் என்றும். ஆஃபர் லெட்டருக்குப் பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கும் இல்லையா, அதற்குள் போடு.