தோற்ற ஆட்டத்தை இழுத்தடிக்கும் எதிராளி: கரஸ்பாண்டன்ஸ் செஸ் அனுபவங்கள்

கரஸ்பாண்டன்ஸ் செஸ் என்பது நேருக்கு நேர் உட்காராமல், ஒவ்வொரு மூவுக்கும் நாள்கணக்கில் நேரம் வைத்து ஆடுவது. இது இணையத்தில் மூவுக்கு 14 நாள் என்று வைத்துத் தொடங்கிய ஆட்டம். 30 மூவ் வரை எதிராளி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஆடிக்கொண்டிருந்தார். 31ஆவது மூவில் அவருடைய யானை சும்மா பறிபோனது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மூவும் 13 நாள், 20 மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அவர் பக்கத்தைத் திறந்து பார்த்தால் சில நிமிடங்களில் முடியும் பிளிட்ஸ் ஆட்டங்களைத் தினமும் ஆடுகிறார். ஜெயிக்கிற நிலையில் இருக்கும் மற்ற கரஸ்பாண்டன்ஸ் ஆட்டங்களில் அரை மணி நேரத்தில் பதில் போடுகிறார். இழுத்தடிப்புக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

மெதுவாக ஆடுகிறவரை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் 80, 100 ஆட்டம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டியலை நேரம் குறைந்த வரிசையில் வைத்து, முடியப்போகும் ஆட்டத்தை மட்டும் தொடுவார்கள். அவர்கள் மூவ் எப்போதுமே கடைசி நாளில்தான் வரும், முதல் மூவும் அப்படித்தான், ஜெயிக்கிற ஆட்டத்திலும் அப்படித்தான். வேகம் எந்த மூவில் மாறியது என்று பாருங்கள். காய் விழுந்த அதே மூவில் மாறியிருந்தால் இழுத்தடிப்பு. முதலிலிருந்தே அப்படியென்றால் அது அவர் பழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை.

*

மேலே சொன்னதோடு ஒரு கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிச்செஸ், செஸ் டாட் காம் என்ற இரண்டு இணைய செஸ் தளங்களிலும் கடிகாரம் ஒவ்வொரு மூவுக்கும் புதிதாகத் தொடங்கும். மிச்சம் பிடித்த நேரம் சேராது. ஆகவே இழுத்தடிப்பவரால் எடுக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம்: அவர் ஆட வேண்டிய மூவ்களின் எண்ணிக்கை பெருக்கல் மூவுக்கான நாள்.

ராணியும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை அதிகபட்சம் 10 மூவில் மேட் செய்யலாம். அதில் எதிராளிக்கு 9 மூவ். 14 நாள் வீதம் 126 நாள். யானையோடு என்றால் அதிகபட்சம் 16 மூவ், அவருக்கு 15, அதாவது 210 நாள். பிஷப்பும் குதிரையும் என்றால் 33 மூவ் வரை போகும். அவருக்கு 32 மூவ், 448 நாள்! அதே முடிவு 3 நாள் ஆட்டத்தில் 96 நாளில் முடிந்துவிடும். பலரும் "நிதானமாக யோசிக்கலாம்" என்று 14 நாளைத் தேர்வு செய்கிறார்கள். யோசிக்க 3 நாளே தாராளம். மீதி 11 நாளையும் எதிராளியின் கையில் நாமே தூக்கிக் கொடுக்கிறோம்.

இன்னொன்று, ஜெயிக்கும் நிலையில் "பாதுகாப்பான" வழியைத் தேடாதீர்கள், குறுகிய வழியைத் தேடுங்கள். நேரில் ஆடும்போது இருக்கிற சிப்பாய்களை எல்லாம் தின்றுவிட்டு மேட் செய்வது பழக்கமாக இருக்கும். இங்கே தின்னும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் இரண்டு வாரம் விலை. பலகை முன்னால் அமர்ந்து, எதிராளிக்கு எத்தனை மூவ் மிச்சமாகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.

*

கண்டிஷனல் மூவ் பற்றி இதுவரை சொல்லவில்லை. "அவர் இப்படி ஆடினால் நான் இப்படி" என்று முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதி அந்த இரண்டு தளங்களிலும் உண்டு. இதனால் எதிராளி யோசிக்கும் நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் மூவை வைத்த அந்த நொடியே நம் பதில் போய், அவருடைய கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கிவிடும். நாம் தளத்தைத் திறக்கக் காத்திருந்த அரை நாள், ஒரு நாள் மிச்சம். பதில் உடனே வருவதைப் பார்த்ததும், எல்லாம் கணக்குப் போட்டாகிவிட்டது என்று புரிந்து அங்கேயே ரிசைன் செய்தவர்களும், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டவர்களும் உண்டு.

இதில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும். எதிராளிக்கு ஒரே ஒரு மூவ்தான் இருக்கிறது என்று நினைத்து வரிசையைப் பதிந்துவிடுவார்கள். அவர் வேறொன்று ஆடினால் வரிசை அறுந்துபோய் நம் கடிகாரம் ஓடும். "எல்லாம் பதிந்தாயிற்று" என்ற நினைப்பில் நாள்கணக்கில் எட்டிப் பார்க்காமல் இருந்தால், ஜெயித்த ஆட்டம் டைம் அவுட்டில் போய்விடும். பதிந்த பிறகும் தினம் ஒரு தடவை பாருங்கள்.

*

இழுத்தடிப்பால் வரும் பெரிய நஷ்டம் நாள் அல்ல, மறதி. 13 நாள் கழித்து வந்த மூவுக்கு, நினைவில் இருக்கும் பழைய பலகையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பதில் போடுகிறோம்.

ஒரு முடிவைக் கிட்டத்தில் பார்ப்போம். வெள்ளை ராஜா எஃப்5, ராணி ஈ7. கறுப்பு ராஜா ஜி8, பலகையில் வேறு காயே இல்லை. கறுப்புக்கு இருக்கும் ஒரே கட்டம் எச்8, அங்கே போகிறது, இரண்டு வாரம் கழித்து. இப்போது ராணியை எஃப்7க்குத் தள்ளினால் ஸ்டேல்மேட், அதாவது கறுப்புக்கு ஆட மூவே இல்லாமல் ஆட்டம் டிரா. ஜி8, ஜி7, எச்7 மூன்றும் ராணியின் பிடியில், ராஜாவுக்குச் செக்கும் இல்லை. சரியான மூவ் ராஜா ஜி6. கறுப்பு ஜி8க்குத் திரும்ப வேண்டியதுதான், ராணி ஜி7 மேட். வித்தியாசம் ஒரே ஒரு மூவ். இழுத்தடிப்பவர் எதிர்பார்த்திருப்பதும் அந்த ஒரு சறுக்கலைத்தான்.

இதற்கு ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் நோட்ஸ் பகுதியைப் பயன்படுத்துங்கள். மூன்று வரி போதும்: அடுத்த மூவ் எது, எது ஸ்டேல்மேட், எத்தனை மூவில் மேட். இன்ஜினை (நல்ல மூவைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி நிரல்) திறந்து சரிபார்க்கக் கூடாது, அந்தத் தளங்களில் அது விதிமீறல். ஓப்பனிங் புத்தகம் பார்க்கலாம், பலகையில் காயை நகர்த்திப் பார்க்கலாம், நோட்ஸ் எழுதலாம். எதிராளி நேர்மையாக ஆடவில்லை என்பது நாம் இன்ஜினைத் தொட அனுமதி ஆகாது.

*

ஐசிசிஎஃப் ஆடுகிறவர்களுக்கு இது வேறு மாதிரி. 1951இல் தொடங்கிய சர்வதேச கரஸ்பாண்டன்ஸ் செஸ் அமைப்பு அது. அங்கே இன்ஜின் அனுமதி உண்டு, ஆனால் கடிகாரம் வேறு. வழக்கமான முறையில் 10 மூவுக்கு 50 நாள், மிச்சம் பிடித்த நாள் சேர்ந்துகொண்டே போகும். தொடக்கத்தில் சடசடவென்று ஆடி நாளைச் சேர்த்துவைத்தவர், தோற்ற நிலையில் அதை அப்படியே கரைக்கலாம். அதைத் தடுக்கத்தான் ஒரே மூவில் 20 நாளைத் தாண்டினால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் இரண்டு நாளாகக் கழியும் என்ற விதி. எதிராளி இறந்துபோவாரா என்று காத்திருப்பது போன்ற இந்த ஆட்டத்துக்கு அங்கே "டெட் மேன்ஸ் டிஃபென்ஸ்" என்றே பெயர். வயதான ஆட்டக்காரர்கள் நிறைந்த இடத்தில் அந்தப் பெயரைக் கேட்கவே மனம் கனக்கிறது. சந்தேகம் இருந்தால் எதிராளியிடம் சண்டைக்குப் போகாமல் போட்டி இயக்குநருக்கு எழுதுங்கள்: எந்த மூவிலிருந்து வேகம் மாறியது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள், தற்போதைய நிலை. உணர்ச்சி வேண்டாம், தேதி போதும். பலகையில் 7 காய் அல்லது அதற்குக் குறைவாக வந்துவிட்டால் டேபிள்பேஸை (குறைந்த காய்கள் உள்ள நிலைகளின் முடிவை முழுதாகக் கணக்கிட்டு வைத்த தரவுத்தளம்) வைத்து வெற்றியோ டிராவோ கோரலாம். ஆகவே அந்த எண்ணிக்கையை நோக்கிக் காய்களை மாற்றிக்கொள்வதுதான் அங்கே குறுக்குவழி.

*

நம் பக்கத்து ஒழுங்கையும் பேசியாக வேண்டும். சாட்டில் "ரிசைன் பண்ணுங்க", "எதுக்கு இழுக்குறீங்க" என்று எழுதுவதும் ஒழுங்கீனம்தான். ரிசைன் செய்யாமல் ஆடுவது எதிராளியின் உரிமை. புதிதாக ஆடுகிறவர்கள் மேட் வரை ஆடித்தான் மேட் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள், அவர்களை அவசரப்படுத்தக் கூடாது. தோற்ற நிலையில் ஒவ்வொரு மூவுக்கும் டிரா ஆஃபர் அனுப்பித் தொல்லை செய்தால் மறுத்துவிட்டு, சாட்டை மூடிவிட்டு, மூவை மட்டும் ஆடுங்கள்.

விடுமுறை வசதி உள்ள தளத்தில், தோற்கும் நேரம் பார்த்து விடுமுறை போடுகிறவர்கள் உண்டு. விடுமுறை முடியும்வரை கடிகாரம் நிற்கும். பிடிக்காதென்றால் விடுமுறை இல்லாத போட்டிகளில் சேருங்கள். செஸ் டாட் காமில் ஒருவர் எத்தனை சதவீத ஆட்டங்களை டைம் அவுட்டில் விட்டிருக்கிறார் என்பது அவர் பக்கத்தில் தெரியும், ஆட்டம் தொடங்கும் முன் பாருங்கள். லிச்செஸ்ஸில் விடுமுறையே கிடையாது. அங்கே பரீட்சை, பயணம், பிரசவம் என்று உண்மையான காரணம் உள்ளவரும் டைம் அவுட்டில் தோற்பார். ஒரு எதிராளி "அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன், 5 நாள் நெட் இருக்காது" என்று முன்கூட்டியே எழுதினால், உங்கள் மூவை உடனே வைக்காதீர்கள். உங்கள் கடிகாரத்தில் 4 நாள் இருந்தால் 3 நாள் கழித்து வையுங்கள். அவருடைய கடிகாரம் அவர் திரும்பி வரும் நேரத்தை ஒட்டி ஓடத் தொடங்கும்.